ஷ்பெர்கோன்டோவின் இரண்டாம் பாதி

அத்தியாயம் 6

காலை பத்தேகால். செங்கல்பட்டு ராட்டினங்கிணறு சிக்னலில் நின்ற ஆம்னி வேனுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரில் ஒருவருக்கும் மற்ற இருவரைப் பிடிக்கவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் சாம். நாற்பத்து மூன்று வயது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பன்னிரண்டு வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன், நான்கு வருடமாகத் துப்பறிகிறான். அவன் கோபம் எளிமையானது. காலையில் சாப்பிட விடவில்லை.

பக்கத்தில் சுந்தரவல்லி. ஐம்பத்திரண்டு வயது, திருக்கழுக்குன்றத்துக்காரி. கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருபது வருடம் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினாள். மேலதிகாரியின் தப்பைக் கண்டுபிடித்த மாதம் வேலை போயிற்று. அதன் பிறகு வீட்டு வாசலில் 'தனியார் விசாரணை' என்று போர்டு மாட்டிக்கொண்டாள்.

பின் சீட்டில் ஜாக்குலின். இருபத்திரண்டு வயது. கருங்குழியில் மின்வாரிய லைன்மேனாக இருக்கும் தேவசகாயத்தின் மகள். ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த புதன்கிழமை விசா நேர்காணல். சந்தோஷமாக இருக்க வேண்டிய பெண் இரண்டு நாளாகத் தூங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

காரணம் பன்னிரண்டு லட்சம் ரூபாய். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் ஒரு வருடச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிக் காட்ட வேண்டும். போய் இறங்கிய பிறகு அது மாதாமாதம் கொஞ்சமாகத் திறக்கும். அந்தக் கணக்குக்குப் பெயர் ஷ்பெர்கோன்டோ. தேவசகாயம் பி.எஃப். பணத்தை எடுத்து, மனைவி ஹெலனின் நகையை வைத்து, புதன்கிழமை மொத்தத்தையும் படூரில் உள்ள நெக்கார் ஓவர்சீஸ் என்ற கன்சல்டன்சியின் கணக்கில் கட்டினார். அங்கிருந்து ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவார்களாம். படூர்ச் சாலையில் டீக்கடையை விடக் கன்சல்டன்சி அதிகம். டீக்கடைக்காரன் காசு வாங்கினால் டீயாவது கொடுப்பான்.

வியாழக்கிழமை காலை, முன்பு அனுப்பப்பட்ட மாணவன் ஒருவன் பெர்லினிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தான். அவன் பெயரில் அங்கே எந்தக் கணக்கும் இல்லை. விசாரித்ததில் நான்கு பேரின் பணம் அப்படிப் போயிருந்தது. நெக்கார் ஓவர்சீஸின் முதலாளி ஜெரோம், ஹெலனின் கூடப்பிறந்த தம்பி. மதியமே தேவசகாயம் மச்சானை நடுரோட்டில் வைத்து அடித்தார். ஜெரோம் மதுராந்தகத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் ஒளிந்துகொண்டான்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் ஹெலன் ரகசியமாகத் தம்பியைப் பார்த்துவிட்டு, இரண்டு தாள்களோடு சுந்தரவல்லியின் வாசலுக்கு வந்துவிட்டாள். ஒன்று, பழைய நான்கு பரிமாற்றங்களின் பட்டியல். இன்னொன்று, வங்கி ஜெரோமுக்கு அனுப்பிய ஈமெயில். கணக்கில் புதிதாக ஒரு பயனாளி பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரம் கழித்து அந்தப் பெயருக்குப் பணம் அனுப்பலாம். சேர்த்தது வியாழன் காலை பதினொன்று பத்துக்கு. ஜெரோம் தான் சேர்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறான். ஜாக்குலினின் பன்னிரண்டு லட்சம் இன்னும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. இன்று பதினொன்று பத்துக்கு மேல் யாரோ ஒருவன் பட்டனை அழுத்தினால் அதுவும் போய்விடும்.

"மாமாவக் காப்பாத்தத்தான் எங்கம்மா உங்களப் புடிச்சுது," என்றாள் ஜாக்குலின். "அவர் ஐடில இருந்துதான் எல்லாப் பணமும் போயிருக்கு. அப்புறம் இன்னா விசாரணை?"

"உங்க மாமாவை எனக்குப் பிடிக்காது," என்றாள் சுந்தரவல்லி திரும்பாமல். "பாஸ்வேர்டை அடுத்தவன் கையில குடுத்துட்டு நெத்தியில கை வெச்சு உக்கார்றவங்க யாரையும் பிடிக்காது. உன் ஜெர்மன் கிளாஸ் நோட்டைக் குடு."

அப்போது அவளுடைய போன் அடித்தது. மறுமுனையில் ஹெலன். சுந்தரவல்லி சுருக்கமாகப் பேசினாள். "கிளம்பிட்டாங்களா? ஒரே வண்டியிலயா? நல்லது. வழியில அடிச்சுக்கிட்டா பன்னெண்டு மணிக்கு மேல அடிச்சுக்கச் சொல்லுங்க."

"எங்கப்பாவும் மாமாவுமா?" ஜாக்குலின் நிமிர்ந்தாள். "ஒரே வண்டிலயா? கொல வுழும்."

"பைக்ல வுழாது பாப்பா," என்றான் சாம். "ஓட்றவன் கை ரெண்டும் ஹேண்டில்பார்ல கீது. பின்னாடி குந்திகினு இருக்கறவனுக்கு உசுரு மேல ஆச. ரெண்டு விரோதிய சேத்து வெக்க பைக்க வுட்டா வேற எடமே கெடையாது."

திருக்கழுக்குன்றம் ரோட்டில் வண்டி திரும்பியது. சுந்தரவல்லி நோட்டைப் புரட்டினாள். முத்து முத்தான எழுத்து. ஹர்ஷவர்தன் என்ற ஆசிரியர் மாமல்லபுரத்தில் நடத்தும் வகுப்பு அது. நெக்கார் ஓவர்சீஸின் மாணவர்கள் எல்லாரும் அவரிடம்தான் ஜெர்மன் படித்தார்கள். ஜெர்மன் படிவங்களை நிரப்புவதும் அவர்தான், ஏனென்றால் ஜெரோமுக்கு ஜெர்மனில் ஒரு எழுத்து தெரியாது. ஜெர்மன்காரர்கள் இரண்டு மூன்று சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக்குவார்கள் என்பதால், ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து விளக்குவது அவர் பாணி.

"ஹாண்ட்ஷூ," என்று படித்தாள் சுந்தரவல்லி. "ஹாண்ட் கை, ஷூ செருப்பு. கையுறையாம்."

"கைக்குச் செருப்பா," என்றான் சாம். "அப்ப காலுக்கு இன்னா போடுவான், மோதிரமா?"

"கெல்ட்பாய்ட்டல். கெல்ட் பணம், பாய்ட்டல் பை."

"அது நம்ம ஊர்ல சுருக்குப்பை. இதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ நீட்டு?"

அடுத்த பக்கத்தில் சுந்தரவல்லி நின்றுவிட்டாள். ஷ்பெர்கோன்டோவுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது. 'ஷ்பெர்: ஷ்பாரன் என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. ஷ்பாரன் என்றால் உத்தரக் கட்டை. கதவைச் சாத்திக் குறுக்கே கட்டை போட்டால் யாரும் திறக்க முடியாது. அதுபோலவே இந்தக் கணக்கையும் மாணவர், பெற்றோர், கன்சல்டன்சி யாரும் திறக்கவும் முடியாது, உள்ளே பார்க்கவும் முடியாது.' பக்கத்தில் கதவும் கட்டையுமாகப் படம் வேறு. அதற்குக் கீழே 'கோன்டோ:' என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தது.

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?"

"அன்னிக்கி டைம் ஆயிடுச்சு. மறுநாள் சார் அடுத்த வார்த்தைக்குப் போய்ட்டாரு."

"மத்தவங்க நோட்ல?"

"எல்லாருக்கும் அப்டித்தான்." ஜாக்குலினின் குரல் கொஞ்சம் இறங்கியது. "பேரண்ட்ஸ் மீட்டிங்லயும் இந்தக் கட்டை கதைய சார் சொன்னாரு. எங்கப்பா அழுதுட்டாரு. நம்ம காசுக்கு இவ்ளோ பெரிய கட்டையாடின்னு வூட்டுக்கு வந்தும் சொல்லிகினே இருந்தாரு."

சுந்தரவல்லி நோட்டை மூடினாள். பிறகு பரிமாற்றப் பட்டியலை எடுத்தாள். "சாம், கேட்டுக்கோ. செவ்வாய் சாயங்காலம் நாலு முப்பத்தொண்ணு. புதன் மதியம் ஒண்ணு முப்பத்திரெண்டு. வெள்ளி பன்னெண்டு ஒண்ணு. வியாழன் மூணு ரெண்டு. நாலு தடவை எடுத்த நேரம் இது."

"திருடனுக்கு டைம்டேபிள் கீது போல."

"ஜாக்குலின், உங்க மாமா ஆபீஸ் திறந்தது எப்போ?"

"போன வருஷம் ஜூன்ல, ஒரு செவ்வாக்கெழம. மூன்ற மணிக்கு பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணாரு. அவருக்கு அப்பத்தான் நேரம் இருந்துச்சு."

"உங்க சார் வந்தாரா?"

"லேட்டா வந்தாரு. நால்ர மணிக்கு மேல. டிராபிக்குனாரு."

சுந்தரவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "வேகமா போ சாம். ஆனா அவசரம் இல்ல."

"இது ரெண்டுல எது மேடம்?" என்று கேட்டுவிட்டு சாம் கியரை மாற்றினான்.

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் ஒரு சிற்பக்கூடத்தின் மாடியில் இருந்தது வகுப்பறை. கீழே கல்லறுக்கும் மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. பதினொன்று ஐந்துக்கு மூவரும் படியேறினார்கள். ஹர்ஷவர்தன் தனியாக இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மேஜையில் லேப்டாப், இரண்டு போன்கள். ஒன்றின் முதுகில் நெக்கார் ஓவர்சீஸ் ஸ்டிக்கர். கதவோரம் பெரிய பயணப் பை ஒன்று ஜிப் போட்டுத் தயாராக நின்றது.

"ஜாக்குலின், உங்க நிலைமையை நினைச்சா ரொம்ப வருத்தமா இருக்கு," என்றார். பிறகு சுந்தரவல்லியை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க டிடெக்டிவா? இந்த வயசுல கஷ்டம் இல்லையா?"

"மாடிப்படி கஷ்டம். மத்தது பழகிடுச்சு."

"ஜெரோம் இங்க இல்ல. எனக்கும் அவருக்கும் பாடம் நடத்தறதோட சரி."

"எனக்கு ஜெரோம் வேண்டாம். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் வேணும். ஷ்பெர்கோன்டோ."

ஹர்ஷவர்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று எட்டு. நாற்காலியைக் காட்டினார். விரட்டியடிப்பார் என்று எதிர்பார்த்த சாமுக்கு அது வியப்பாக இருந்தது. "உட்காருங்க. நேரம் இருக்கு," என்று ஆரம்பித்தார். உத்தரக் கட்டை வந்தது. பழைய ஜெர்மன் கிராமத்து வீடுகள் வந்தன. ஓநாய்க்குப் பயந்து கதவடைத்தார்கள் என்று ஒரு கிளைக்கதையும் வந்தது. நன்றாகத்தான் சொன்னார். அழுத தேவசகாயத்தைக் குறை சொல்ல முடியாது.

"அந்தக் கட்டையை எந்தப் பக்கம் போடுவாங்க?" என்றாள் சுந்தரவல்லி.

"உள்பக்கம்."

"போடறது யாரு?"

"வீட்டுக்காரன்தான். இது என்ன கேள்வி?"

"சும்மா. உள்ள இருக்கறவனுக்குக் கட்டை கண்ணுக்குத் தெரியும், இல்லையா? போட்டிருக்கா, விழுந்துடுச்சான்னு அவன் எப்ப வேணா பாத்துக்கலாம்."

ஹர்ஷவர்தன் சிரித்தார். "மேடம், நீங்க மொழி படிச்சவங்க இல்ல. வார்த்தைக்கு வார்த்தை பிடிச்சுத் தொங்கக் கூடாது."

"தொங்கறது என் தொழில். அது போகட்டும். இவனோட தங்கச்சி பொண்ணு உங்க வகுப்புல சேரணும்கறா. சாம், ஐயாயிரம் குடு."

சாமுக்குத் தங்கச்சியே கிடையாது. ஆனாலும் மறுபேச்சில்லாமல் சட்டைப் பையிலிருந்து பத்து ஐநூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினான். ஹர்ஷவர்தனின் கை பாதி வரை வந்தது. பிறகு பின்வாங்கியது.

"இருக்கட்டும். ரசீதுப் புத்தகம் கீழ இருக்கு. பன்னெண்டு மணிக்கு மேல வாங்கிக்கறேன்."

"துட்ட நீட்டுனா வாணாம்ங்கற வாத்தியார இன்னிக்கித்தான் பாக்கறேன்," என்றான் சாம். "ரசீது பின்னால வரட்டும், அண்ணாத்த. நோட்டு ஒண்ணும் சூடா இல்லையே."

"சொன்னேன் இல்ல? பன்னெண்டுக்கு மேல." குரலில் மரியாதை கழன்று விழுந்தது. "வேற கேள்வி இருக்கா, இல்ல கிளம்பறீங்களா?"

"இருக்கு. வார்த்தைல இன்னும் பாதி இருக்கே. கோன்டோன்னா என்ன?"

"அக்கவுண்ட். அவ்வளவுதான்."

"ஹாண்டுக்குக் கை சொன்னீங்க, ஷூவுக்குச் செருப்பு சொன்னீங்க. பணப்பைக்குப் பணமும் சொன்னீங்க, பையும் சொன்னீங்க. நோட்டுல நாப்பது வார்த்தை இருக்கு. ரெண்டாம் பாதியை விட்டது இது ஒண்ணுல மட்டும்தான். வண்டியில வரும்போது போன்ல அகராதி பாத்தேன், பத்து நிமிஷ வேலை. கோன்டோ ஜெர்மன் வார்த்தையே இல்ல. இத்தாலியிலிருந்து வந்தது. அங்க அது லத்தீன்லேருந்து வந்தது. கோம்புத்தாரே, எண்ணிப் பார்க்கறது. கம்ப்யூட்டரும் அதே வேர்தான்."

"அடேங்கப்பா," என்றான் சாம். "எண்ணிப் பாக்கறதா."

"எண்ணிப் பார்க்க முடியலைன்னா அது கோன்டோவே இல்ல. நிஜமான ஷ்பெர்கோன்டோவை மாணவர் பேர்லதான் திறப்பாங்க. பணத்தை எடுக்க முடியாதே தவிர, எவ்வளவு இருக்குன்னு இங்கேருந்தே பார்க்கலாம். அதைச் சொல்லியிருந்தா தேவசகாயம் அன்னிக்கே காட்டுன்னு கேட்டிருப்பார். அதனால கட்டையைப் பத்தி ஒரு பக்கம் சொன்னீங்க. எண்ணறதைப் பத்தி ஒரு வரி சொல்லல."

ஜாக்குலின் ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மெஷின் நின்றது. ஹர்ஷவர்தன் எழுந்துவிட்டார்.

"ஒரு நோட்டுப் புத்தகத்துல காலி இடம் இருந்தா நான் திருடனா? பணம் போனது ஜெரோம் ஐடியில. எந்தக் கோர்ட்டுல இதைச் சொல்வீங்க? சிரிப்பாங்க. நான் ஊருக்குப் போகணும், கிளம்புங்க."

"பன்னெண்டு ஆகட்டுமே. நீங்களும் அதுக்குத்தானே காத்துட்டு இருக்கீங்க."

சுந்தரவல்லி எழுந்திருக்கவில்லை. சாம் கதவில் சாய்ந்து நின்றுகொண்டான். பதினொன்று நாற்பத்தைந்து. ஹர்ஷவர்தன் அவள் அறிவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார், சாமின் சட்டையைப் பற்றி ஒன்று. அவள் தன் அறிவைக் காப்பாற்ற எந்த முயற்சியும் எடுக்கவில்லை. சாம் மட்டும், "சட்டை எம்பொண்டாட்டி எடுத்தது, அவகிட்ட சொல்லிடறேன்," என்றான். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சுந்தரவல்லியின் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. அவள் அதை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

பன்னிரண்டு அடித்தது. ஹர்ஷவர்தன், "ஒரு மெயில் அனுப்பணும்," என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விரல்கள் வேகமாக ஓடின. ஸ்டிக்கர் ஒட்டிய போன் சிணுங்கியது. அதைப் பார்த்து ஆறு எண்களைத் தட்டினார். கடைசியாக ஒரு முறை அழுத்தினார்.

முகம் மாறியது. மறுபடி அழுத்தினார்.

"'பரிமாற்றம் தடுக்கப்பட்டுள்ளது, கிளையை அணுகவும்.' அதுதானே வருது?" என்றாள் சுந்தரவல்லி. "அணுகியாச்சு. கொஞ்சம் முன்னால என் போன் ஒரு தடவை அடிச்சு நின்னது அந்தத் தகவல்தான். படூர்ல உங்க வங்கிக் கிளையில, மேனேஜருக்கு எதிர் நாற்காலியில ஜெரோம் உக்காந்திருக்கார். பக்கத்துல தேவசகாயம். போன்ல தடுக்கலாம்னு காலையில பாத்தோம், பாட்டுப் போட்டுட்டே இருந்தாங்க. நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும்னாங்க. மதுராந்தகத்துலேருந்து படூருக்கு ஒன்றரை மணி நேரம். நீங்க பதினொண்ணு பத்துக்கே பட்டனை அழுத்தியிருந்தா நாங்க தொலைஞ்சோம். ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

சாம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பத்தரைலேந்து பன்னெண்டு. ராவு காலம்."

"செவ்வாய் மூணுலேருந்து நாலரை. புதன் பன்னெண்டுலேருந்து ஒண்ணரை. வியாழன் ஒண்ணரைலேருந்து மூணு. பட்டியல் முழுக்க, அது முடிஞ்ச ரெண்டு நிமிஷத்துக்குள்ள எடுத்திருக்கார். அஞ்சு பேர் சொத்தைத் திருடறதுக்கு நல்ல நேரம் பாத்தவர் இவர். ஜெரோம் கடையையே ராகு காலத்துல திறந்தவர். திறப்பு விழாவுக்கு அது முடிஞ்சப்புறம் வந்தவர் யாரு, ஜாக்குலின்?"

"சார்தான்," என்றாள் ஜாக்குலின்.

"சாம் பணம் நீட்டினப்போ உறுதியாச்சு," என்றாள் சுந்தரவல்லி. "நீங்க என்னை வெச்சு நேரத்தைப் போக்கினீங்க. நானும் அதே வேலையைத்தான் செஞ்சேன். கோர்ட்டுல என்ன சொல்வேன்னு கேட்டீங்களே. ஜெரோம் கையைக் கட்டிக்கிட்டு மேனேஜர் முன்னாடி உக்காந்திருக்கும்போது, பன்னெண்டு ஒண்ணுக்கு, அவர் ஐடியில இருந்து யாரோ பணம் அனுப்பப் பாத்திருக்காங்க. மேனேஜர் திரையில இப்ப அது தெரியும். அதைச் சொல்வேன். பாஸ்வேர்டையும் ஆபீஸ் போனையும் அவர் உங்ககிட்ட குடுத்து வெச்சதையும் சொல்வேன். காலையிலயே போலீசுக்குச் சொல்லி வெச்சேன், இன்ஸ்பெக்டர் ஜோதிலட்சுமி கீழ இருக்காங்க. மெஷினை நிறுத்தச் சொன்னது அவங்கதான்."

ஹர்ஷவர்தன் பயணப் பையைப் பார்த்தார். சாமின் தோள்கள் கதவை அடைத்திருந்தன. அவர் மெல்ல உட்கார்ந்தார். பேசியபோது சுந்தரவல்லியிடம் பேசவில்லை.

"எல்லார் பணத்தையும் நான் எடுக்கல, ஜாக்குலின். கேள்வி கேட்ட குடும்பத்துப் பணத்தை ஒழுங்கா அனுப்பிட்டேன். ஆடிட்டர் பையன், டாக்டர் பொண்ணு, அவங்க எல்லாம் கணக்கைக் காட்டுன்னு கேட்டாங்க. உங்கப்பா கேக்கல. அழுதார். அழற குடும்பமா பாத்து எடுத்தேன். நீங்கள்லாம் கேக்க மாட்டீங்க."

    ஜாக்குலினுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. தன் அப்பாவுக்கு ஏன் அடிக்கத் தோன்றியது என்பது அப்போது புரிந்தது, ஆள் மாறிப்போனதும் புரிந்தது.

போன் அடித்தது. அப்பா. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, நம்ம பணம் நம்ம கணக்குக்கே வந்துடுச்சு. மேனேஜர் திருப்பி அனுப்பிட்டாரு. மெசேஜ் வந்துகீது. சைபரு எத்தினின்னு ரெண்டு தபா எண்ணிப் பாத்துட்டேன். சரியா கீது."

"மாமா?"

"பக்கத்துலதான் நிக்கிறான். உதடு வீங்கிகினு கீது அவனுக்கு. டீ வாங்கிக் குடுத்துக்கீறேன். பேச்சு இன்னும் இல்ல."

படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. ஜாக்குலின் சுந்தரவல்லியின் மடியிலிருந்து நோட்டை எடுத்தாள். ஷ்பெர்கோன்டோ பக்கத்தைத் திறந்து, ஹர்ஷவர்தனின் மேஜை மேலேயே வைத்து, அவர் பேனாவையே எடுத்து, 'கோன்டோ'வுக்கு எதிரே காலியாக இருந்த இடத்தில் எழுதினாள்.

'எங்கப்பா ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.'

"எழுதிட்டேன் சார்," என்றாள். "நோட்டத் திருத்திக் கையெழுத்துப் போடுங்க."